எந்த எண் வரைக்கும் வகுத்துப் பார்க்கணும்?

72-இன் காரணிகள் என்று அக்கா மகள் நோட்டில் எழுதியிருந்தது இது: 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 24, 36, 72. பார்த்ததும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும், எது என்று சட்டென்று பிடிபடாது. 18. டீச்சர் அதைச் சிவப்பு மையில் எழுதி அரை மார்க்கைக் கழித்திருந்தார். மார்க் போனதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. "ஒவ்வொண்ணா 72 வரைக்கும் வகுத்துட்டே போகணுமா மாமா? கை வலிக்குது" என்றுதான் கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஆறாம் வகுப்பில் காரணி, மடங்கு, பகா எண், பகு எண் எல்லாம் வந்துவிடுகிறது. 2-ஆல் வகுபடுமா, 3-ஆல் வகுபடுமா என்ற விதிகளும் வந்துவிடுகின்றன. ஆனால் எங்கே நிறுத்தலாம் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை, சொன்னாலும் ஏன் அங்கே நிறுத்தலாம் என்று சொல்வதில்லை. பிள்ளைகள் 12 வரைக்கும் ஒழுங்காகப் போய்விட்டு, அதற்கு மேல் ஞாபகத்தில் வந்ததை எழுதிவிட்டு, கடைசியில் அந்த எண்ணையே போட்டு முடித்துவிடுகிறார்கள். 18 தொலைவது அங்கேதான்.

நான் அவளிடம் ஜோடி ஜோடியாக எழுதச் சொன்னேன். 1 × 72, 2 × 36, 3 × 24, 4 × 18. ஐந்தால் போகாது. 6 × 12. ஏழால் போகாது. 8 × 9. அடுத்தது 9, அதற்கு ஜோடி 8, அது ஏற்கெனவே இடது பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது. இனி வருவதெல்லாம் எழுதியதையே தலைகீழாக எழுதுவது. ஆறு ஜோடி, 12 காரணிகள். 4-ஐ எழுதும்போதே 18 தானாக வந்து உட்கார்ந்துவிட்டது, அதைத் தனியாகத் தேட வேண்டிய வேலையே இல்லை.

எட்டோடு ஏன் நின்றது? எட்டெட்டு 64, ஒன்பதொன்பது 81. 72 நடுவில் இருக்கிறது. ஒரு ஜோடியில் இரண்டு எண்ணுமே 9 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கல் குறைந்தது 81 ஆகிவிடும், 72 வராது. ஆக எந்த ஜோடியை எடுத்தாலும் அதில் ஒருவராவது 8-க்குள் இருந்தே தீர வேண்டும். அந்தச் சின்னவரைப் பிடித்தால் பெரியவர் தானாக மாட்டிக்கொள்வார். வர்க்கமூலம் வரை போதும் என்று புத்தகத்தில் ஒரு வரியில் வருவது இதைத்தான், ஆனால் ஆறாம் வகுப்பில் வர்க்கமூலத்தைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. "தன்னைத் தானே பெருக்கினால் எண்ணைத் தாண்டுகிறதா, அங்கே நிறுத்து" என்றால் போதும்.

எத்தனை காரணி வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. 72 என்பது 2 × 2 × 2 × 3 × 3. ஒரு காரணியை உருவாக்க, மூன்று 2-களில் எத்தனையை எடுக்கலாம்? ஒன்றுமே எடுக்காமலும் இருக்கலாம், மூன்றையும் எடுக்கலாம், ஆக நான்கு விதம். இரண்டு 3-களில் அதே மாதிரி மூன்று விதம். நான்கு மூன்று பன்னிரண்டு. நோட்டில் 11 இருந்தால் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று டீச்சருக்கு முன்னால் நமக்கே தெரிந்துவிடும்.

கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே எங்களுக்கு ஒரு சின்ன நாற்றுப் பண்ணை இருக்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி நாற்றுகள், ரோட்டோரம் கொஞ்சம் பூச்செடித் தொட்டிகள். அவள் சாயங்காலம் வீட்டுப்பாடத்தோடு வந்து உட்கார்வது அங்கேதான், அதனால் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. நாற்று விடுகிற கருப்புக் குழித்தட்டில் 98 குழிகள் இருக்கும், 14 வரிசையில் ஏழேழு. நூறு என்று முழுசாக வைக்காமல் ஏன் 98 என்று எனக்குப் புரிந்ததே இல்லை, தட்டின் அளவுக்கு அப்படித்தான் அமைந்திருக்கும் போல. ஆனால் மடங்கு சொல்லித்தர இதைவிட நல்ல எண் கிடையாது. 98 என்பது நூறில் இரண்டு குறைவு. ஐந்து தட்டு என்றால் 500-இல் பத்து குறைத்து 490. பத்து தட்டு 980. ஒருவர் 1,000 நாற்று கேட்டால் பத்துத் தட்டு பற்றாது, பதினொன்று எடுக்க வேண்டும், அது 1,078. முளைக்காத குழிகளைக் கழித்தால் சரியாகப் போய்விடும்.

தொட்டி அடுக்குவதில் காரணி கண்ணுக்கே தெரியும். 60 தொட்டி இருந்தால் நான்கு வரிசை, ஐந்து வரிசை, ஆறு வரிசை, எப்படி வேண்டுமானாலும் செவ்வகமாக அடுக்கலாம். ஒரு ஜெரேனியம் விற்றுவிட்டால் 59. இப்போது எத்தனை வரிசை வைத்துப் பார்த்தாலும் கடைசி வரிசை குட்டையாகவே நிற்கும். ஒரே நீள வரிசையாக 59-ஐயும் நிறுத்தினால்தான் உண்டு. அப்படி ஒற்றை வரிசை தவிர வேறு செவ்வகத்துக்கு மசியாத எண்தான் பகா எண். விற்காமல் 60-உடன் ஒரு தொட்டியைச் சேர்த்து 61 ஆக்கினாலும் அதே கதி, 61-உம் பகா எண். நடுவில் மாட்டிய 60-க்கோ 12 காரணிகள். 100-க்குள் எந்த எண்ணுக்கும் 12-க்கு மேல் கிடையாது. 60, 72, 84, 90, 96 ஐந்தும் அந்த 12-ஐத் தொடுகின்றன, முதலில் தொடுவது 60. தனக்குக் கீழே இருக்கும் எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரையே வெளியிட்டார். பகா எண்களின் பின்னால் ஊரே ஓடிக்கொண்டிருந்தபோது அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் போய் நின்ற மனிதர்.

சரி, எல்லா எண்ணுக்கும் காரணிகள் ஜோடி ஜோடியாக வரும் என்றால் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகத்தானே இருக்க வேண்டும் என்று அவளே கேட்டாள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரும் மலை ரயில் பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள் என்று இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றையும் ஜோடி போட்டுப் பார்க்கச் சொன்னேன். 208-க்கு 1 × 208, 2 × 104, 4 × 52, 8 × 26, 13 × 16 என்று பத்து. 250-க்கு எட்டு. 16-க்கு? 1 × 16, 2 × 8, அப்புறம் 4 × 4. நான்குக்கு ஜோடி நான்கேதான், அதை ஒரு தடவைதான் எண்ண முடியும். ஐந்து காரணிகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள், 36-க்கும் ஆறாறு என்று ஒரு தனிக்கட்டை இருப்பதால் ஒன்பது காரணிகள். வர்க்க எண்களுக்கு மட்டும்தான் இப்படி ஒற்றைப்படையில் வரும்.

மடங்கு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்தமே கிடையாது. மூன்று மணிகள் மூன்று வேகத்தில் அடித்தால் எப்போது சேர்ந்து அடிக்கும் என்ற கணக்கை நானும் படித்தேன், இவளும் படிக்கிறாள், அந்த மணிகள் எந்தக் கோயிலில் இருக்கின்றன என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குக் குறிஞ்சிதான் பிடிக்கும். 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கிற நீலக்குறிஞ்சி பழனி மலைப் பக்கம் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இதில் ஒரு வேடிக்கை, குறிஞ்சி பூக்கிற வருடம் பகா எண்ணாக இருக்கவே முடியாது. 2006 இரட்டைப்படை, அதோடு 12, 12 ஆகக் கூட்டினால் எத்தனை யுகமானாலும் இரட்டைப்படைதான். கொடைக்கானலுக்குப் போய்க் குறிஞ்சி ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டாலும் மாறாது. தொடக்கம் 2005-ஆக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது 12-ஆல் வகுத்தால் மீதி 1 வரும், அப்படிப்பட்ட வரிசையில் முடிவில்லாமல் பகா எண்கள் வந்துகொண்டே இருக்கும் என்று டிரிஷ்லே என்ற ஜெர்மானியர் 1837-இல் நிரூபித்துவிட்டார்.

அமெரிக்காவில் 13 வருடத்துக்கு ஒரு முறையும் 17 வருடத்துக்கு ஒரு முறையும் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும் சில்வண்டுகள் இருக்கின்றன. இரண்டும் பகா எண்கள், பொதுக் காரணி கிடையாது, அதனால் ஒரு 13 வருடக் கூட்டமும் ஒரு 17 வருடக் கூட்டமும் ஒன்றாக வர 13 × 17, அதாவது 221 வருடம் ஆகும். அப்படி இரண்டு கூட்டங்கள் 1803-இல் சேர்ந்து வந்தன, அடுத்து 2024-இல்தான் வந்தன. மீச்சிறு பொது மடங்குக்கு மணியடிக்கிற கணக்கை விட்டுவிட்டு இதைப் பாடத்தில் வைக்கலாம்.

இனி வண்டி நம்பர் விளையாட்டு. சீசனில் கோத்தகிரி ரோடு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இ-பாஸ் வந்த பிறகும் மே மாதம் மே மாதம்தான். கீழே இறங்குகிற வண்டிகளை எல்லாம் எங்கள் பக்கம் திருப்பிவிட்டால் குஞ்சப்பனை வரைக்கும் நகராமல் நிற்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னால் நிற்கிற வண்டியின் நம்பர் பகா எண்ணா என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. செல்போன் தொடக்கூடாது.

முதலில் மாவட்ட நம்பரிலேயே ஆரம்பித்தோம். நீலகிரி வண்டி டிஎன் 43, பகா எண். கோவையில் 37 பகா எண், 38 இல்லை. மேட்டுப்பாளையம் 40, கேட்கவே வேண்டாம். கொடைக்கானல் வண்டிகளுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தின் 57. "57 பகா எண்தானே மாமா?" பார்த்தால் அப்படித்தான் தெரியும், ஆனால் மூன்று பத்தொன்பது 57. இதில் ஏமாறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரான கிரோத்தெண்டிக்கிடம் யாரோ, பொதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, ஏதாவது ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று கேட்க, அவர் "சரி, 57-ஐ எடுத்துக்கொள்வோம்" என்றாராம். இது கணிதக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற கதை. கொடைக்கானல் பக்கம் போனால் ஒவ்வொரு ஜீப்பிலும் அந்தப் போலி பகா எண் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் நான்கு இலக்க நம்பர். அதிகபட்சம் 9999. நூறு நூறு பத்தாயிரம், ஆக 100-க்குள் இருக்கும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஏன் பகா எண்களால் மட்டும்? 6-ஆல் வகுபடுகிற எண் 2-ஆல் ஏற்கெனவே வகுபட்டிருக்கும், 6-ஐத் தனியாகப் பார்ப்பது வீண் வேலை. 100-க்குள் பகா எண்கள் மொத்தம் 25: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. இந்தப் பட்டியலைத் தயாரிக்க எரடோஸ்தனிஸ் சல்லடை, பூமியின் சுற்றளவை நிழலை வைத்து அளந்த அதே எரடோஸ்தனிஸ். 1 முதல் 100 வரை எழுதி, 1-ஐ அடித்துவிட்டு, 2-இன் மடங்கு, 3-இன் மடங்கு, 5-இன் மடங்கு, 7-இன் மடங்கு என்று அந்தந்த எண்ணை மட்டும் விட்டு மற்றதை அடித்துக்கொண்டே வர வேண்டும். ஏழோடு நிறுத்திவிடலாம். அடுத்தது 11, பதினொன்று பதினொன்று 121, நூறைத் தாண்டிவிட்டது. நிறுத்துகிற விதி இங்கேயும் அதேதான். அடிக்கும்போது எல்லோரும் தவறவிடுவது 91. அது 7 × 13.

6-இன் மடங்குக்கு ஒன்று முன்னால் அல்லது ஒன்று பின்னால் இருந்தால் பகா எண் என்று ஒரு ஃபார்வர்டு மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி உண்மை. 3-க்கு மேற்பட்ட பகா எண்கள் எல்லாம் அந்த இடங்களில்தான் உட்காரும், சரி. ஆனால் அங்கே உட்காருகிறவர்கள் எல்லாம் பகா எண்கள் இல்லை. 25, 35, 49 எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

25 பகா எண்ணால் மனக்கணக்காக வகுக்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம், முதல் ஆறும் வகுக்காமலே போய்விடும். 2, 5 கடைசி இலக்கத்தில் தெரியும். 3-க்கு இலக்கங்களைக் கூட்ட வேண்டும். 10 என்பது 9-ஐ விட ஒன்று அதிகம், 100 என்பது 99-ஐ விட ஒன்று அதிகம். அந்த 9, 99 எல்லாம் மூன்றால் போய்விடுவதால் மிஞ்சுவது இலக்கங்கள் மட்டும்தான், அவற்றின் கூட்டல் 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரே தந்திரம் இருக்கிறது, இதை ஏன் பாடத்தில் பெரிதாகச் சொல்வதில்லை என்று எனக்கு எப்போதும் ஆற்றாமை. 7 × 11 × 13 = 1001. ஆகவே நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கத்தைப் பிய்த்தெடுத்து மீதி மூன்று இலக்க எண்ணிலிருந்து கழித்துவிட்டால், மிஞ்சுவதை மட்டும் 7, 11, 13-ஆல் பார்த்தால் போதும். முதல் இலக்கம் எத்தனையோ அத்தனை 1001-ஐக் கழிக்கிற வேலைதான் அது.

எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்த லாரியின் நம்பர் 4307. இறங்கிக்கொண்டிருந்த என்றால், நின்றுகொண்டிருந்த. 65-ஐ 65-ஆல் பெருக்கினால் 4225, 66-ஐ 66-ஆல் பெருக்கினால் 4356. ஆக 65 வரை, அதாவது 61 வரைக்குமான 18 பகா எண்கள். 2, 5 இல்லை. இலக்கங்களின் கூட்டல் 14, மூன்று இல்லை. 307-இல் 4 போக 303. ஏழால் 301 போக 2 மீதி, பதினொன்றால் 297 போக 6 மீதி, பதின்மூன்றால் 299 போக 4 மீதி. ஆறு பேர் காலி. இனி உண்மையாகவே வகுக்க வேண்டும். 17-க்கு மீதி 6. 19-க்கு 13. 23-க்கு 6. 29-க்கு 15. 31-க்கு 29, இரண்டில் தவறியது. 37-க்கு 15. 41-க்கு 2. 43-க்கு 4300 போக 7, நீலகிரி வண்டியாக இருந்தும் கைகொடுக்கவில்லை. 47-க்கு 30. 53-க்கு 14. "பகா எண்தான் மாமா, போதும்" என்றாள். இன்னும் இரண்டு பேர் பாக்கி இருக்கிறார்கள் கண்ணு என்றேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார் போல, திரும்பி, "59 பாரும்மா" என்றார். 59 எழுபது 4130. மீதி 177. மூன்று ஐம்பத்தொன்பது 177. 59 × 73 = 4307!

பதினாறு பேரிடம் தப்பித்த எண் பதினேழாவது ஆளிடம் மாட்டியது. நிறுத்தவேண்டிய இடத்துக்கு முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமாக ஒரு லாரி நமக்காக வந்து நிற்காது.

ஆனால் இதே 4307-ஐ ஒரே ஒரு படியில் உடைக்கவும் முடியும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. எண்ணுக்கு அடுத்து மேலே இருக்கிற வர்க்கத்தை எடு: 66-இன் வர்க்கம் 4356. அதிலிருந்து 4307-ஐக் கழி: 49. 49 தானும் ஒரு வர்க்கம், ஏழேழு. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் எட்டாம் வகுப்பில் வருகிற பழைய சூத்திரம்தான், (66 − 7) × (66 + 7), அதாவது 59 × 73. முடிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வழி இது. அவர் தொழில்படி வக்கீல், கணிதம் ஓய்வுநேர வேலை. முதல் வர்க்கத்தில் சரிப்படவில்லை என்றால் அடுத்த வர்க்கம், அதற்கடுத்தது என்று போக வேண்டும். இரண்டு காரணிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உடனே விழுந்துவிடும். 9991 என்ற எண்ணைப் பார்த்து யாரும் பகா எண் என்றே சத்தியம் செய்வார்கள், 10000-இல் 9 குறைவு, ஆக 97 × 103. 2021-ஆம் வருடமும் அப்படித்தான், 45-இன் வர்க்கமான 2025-இல் 4 குறைவு, 43 × 47.

காரணிகள் தூரத்தில் இருந்தால் மட்டும் இந்த வழி கழுத்தறுத்துவிடும். 4299 என்பது 3 × 1433. இலக்கங்களைக் கூட்டினால் அரை நொடியில் மூன்று தெரிந்துவிடும். ஃபெர்மா வழியில் போனால் 66-இல் தொடங்கி 718 வரைக்கும் ஒவ்வொரு வர்க்கமாகப் பார்க்க வேண்டும், பஸ் ஈரோடே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நாங்கள் செய்வது: 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் முடித்துவிட்டு, நடுவில் இரண்டு மூன்று வர்க்கம் மட்டும் போட்டுப் பார்ப்பது, சரிப்படவில்லை என்றால் 17-லிருந்து பொறுமையாக வகுத்துக்கொண்டு போவது.

ஃபெர்மாவிடம் இன்னொரு சோதனையும் இருக்கிறது, அது காரணியைத் தேடவே தேடாது. ஒரு எண் பகா எண் என்றால், 2-ஐ அத்தனை முறை பெருக்கி, அதில் 2-ஐக் கழித்தால் வருவது அந்த எண்ணால் வகுபடும். 7 எடுத்தால் 128-இல் 2 போக 126, ஏழு பதினெட்டு. 2-க்குப் பதில் எந்த எண்ணை எடுத்தாலும் இது பலிக்கும். பலிக்கவில்லை என்றால் அது பகு எண் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். பலித்தால்? அங்கேதான் சிக்கல். 341 என்பது 11 × 31, ஆனால் 2-ஐ வைத்துச் சோதித்தால் பகா எண் மாதிரியே நடிக்கும். 3-ஐ வைத்தால் மாட்டிக்கொள்ளும். எதை வைத்தாலும் மாட்டாத கெட்டிக்கார எண்களும் உண்டு, அவற்றில் ஒன்று ராமானுஜனின் டாக்ஸி நம்பரான 1729. நம் 1001 தந்திரத்தில் போட்டால் 729-இல் 1 போக 728, ஏழு நூற்றிநான்கு, பதின்மூன்று ஐம்பத்தாறு. 1729 = 7 × 13 × 19. ஆறாம் வகுப்புப் பிள்ளை பஸ்ஸில் உடைத்துவிடும் எண், ஃபெர்மாவின் சோதனையை மட்டும் எந்த எண்ணை வைத்துச் செய்தாலும் ஜெயித்துக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட எண்கள் எப்படி இருக்கும் என்ற அடையாளத்தை கார்செல்ட் என்பவர் எழுதியது 1899-இல், அதாவது குன்னூருக்கு மலை ரயில் ஓட ஆரம்பித்த அதே வருடம்.

பகா எண் இல்லை என்று தெரிவதும் காரணி தெரிவதும் வேறு வேறு என்பது பெரிய எண்களில்தான் உறைக்கும். 2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் பகு எண் என்று லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1876-இலேயே காட்டிவிட்டார், எதால் வகுபடும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. 1903-இல் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கூட்டத்தில் எழுந்து போய், வாயே திறக்காமல் கரும்பலகையில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்பார்கள். எத்தனை நாள் ஆனது என்று கேட்டதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். வகுத்துப் பார்க்காமலே, எந்த எண்ணுக்கும், ஏமாறாமல், நியாயமான நேரத்துக்குள் பகா எண்ணா என்று சொல்லும் வழியைக் கண்டுபிடித்தது நம் கான்பூர் ஐஐடியில், 2002-இல், மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும். பின்னவர்கள் இருவரும் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த பையன்கள். ஆனால் காரணிகளைக் கண்டுபிடிப்பதற்கு நம் சாதாரணக் கணினிகளில் அப்படி ஒரு சுருக்கு வழி இன்னும் கிடைக்கவில்லை, 1977-இல் வந்த ஆர்.எஸ்.ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறை நிற்பதே அந்தச் சிரமத்தின் மேல்தான்.

அக்கா மகளுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம். அவள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்: டிஎன் 43 வண்டியில், நான்கு இலக்க நம்பரும் 43-ஆல் வகுபடுகிற மாதிரி ஒன்று. 9999-க்குள் 43-இன் மடங்குகள் 232 இருக்கின்றன, கிட்டத்தட்ட 43 வண்டிக்கு ஒன்று. அதற்கு நான் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தேன், 7 × 43 = 301 என்பதால் 1001-ஐ வைத்து 1000-இல் செய்த வேலையை 301-ஐ வைத்து 300-இல் செய்யலாம். அரவேணுவில் ஒரு பால் வண்டி, 5203. 300-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 103. 103-இல் 17 போக 86. "இரண்டு 43 மாமா!" என்று கத்தினாள், டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். 5203 = 43 × 121. "121 பதினொன்று பதினொன்று, அப்போ மொத்தம் ஆறு காரணி" என்று அவளே சொல்லிவிட்டு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.